ஜெர்மனியில் மூன்று வார ஜெர்மன் கோர்ஸ்: பள்ளி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குப் போய் மொழி படிக்கப் போகிறோம் என்று முடிவானதும் வீட்டில் பேச்சு விசாவில் தொடங்கும். பிறகு குளிர், அப்புறம் சாப்பாடு. மூன்றையும் முன்கூட்டியே திட்டமிட்டால் சமாளித்துவிடலாம். ஆனால் அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு தூரம் போய், அங்கே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஜெர்மன் பேசப் போகிறோம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பவேரியாவில் ஒரு சின்ன ஊரில் இப்படி ஒரு மூன்று வாரக் கோர்ஸில் படித்தேன். காலை வகுப்பில் நடத்திய இலக்கணம் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைச் சென்னையில் உட்கார்ந்தும் கற்றிருக்கலாம். சாப்பாட்டு மேசையிலும், மைதானத்திலும், இரவு விளக்கை அணைத்த பிறகு அறைத்தோழியிடம் பேசியதிலும் கற்றது ஊரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அந்த நேரத்தை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: எந்த வகைக் கோர்ஸ் என்று முடிவு செய்யுங்கள்

பதின்ம வயதினருக்கான கோர்ஸ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தங்கிப் படிக்கும் கோடைக்காலக் கோர்ஸ். ஜெர்மனியில் பள்ளி விடுமுறை விட்டதும் விடுதியோடு கூடிய பள்ளிகளும் இளைஞர் விடுதிகளும் காலியாக இருக்கும். அங்கேதான் இவை நடக்கும். வகுப்பு, தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, விளையாட்டு, வார இறுதிச் சுற்றுலா எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். கூடவே இரவும் பகலும் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். இளைஞர் விடுதி என்பதே ஜெர்மனியில் பிறந்த யோசனை. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1912-இல் அல்டெனா ஊர்க் கோட்டையில் தொடங்கிய விடுதிதான் உலகின் முதல் இளைஞர் விடுதி என்று சொல்லப்படுகிறது. அதனால் பிள்ளைகளைக் கூட்டமாகத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது அவர்களுக்குக் கைவந்த வேலை.

இரண்டாவது வகை, ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி வகுப்புக்குப் போய் வருவது. ஜெர்மன்காரர்களோடு பேசுவது இதில் அதிகம். ஆனால் முதல் நாளிலிருந்தே வேகமான பேச்சு காதில் விழும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியான நிலைகளாக அளப்பார்கள். என் யோசனை: ஏ2 முடித்தவர்களுக்கு முதல் வகை, பி1 தாண்டியவர்களுக்கு இரண்டாவது.

செலவைப் பொறுத்தவரை, தங்கிப் படிக்கும் மூன்று வாரக் கோர்ஸ்களின் கட்டணம் 2,000 யூரோவைத் தாண்டுவது வழக்கம். விமான டிக்கெட்டும் விசாவும் தனி. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது பெரிய தொகை என்பதால், பணம் கட்டும் முன் உதவித்தொகை வழிகளைக் கட்டாயம் பாருங்கள். ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2008-இல் தொடங்கிய பாஷ் என்ற திட்டத்தில் உலகம் முழுவதும் சுமார் 2,000 பள்ளிகள் இருக்கின்றன. இந்தியப் பள்ளிகளும் உண்டு. அந்தப் பள்ளிகளில் ஜெர்மன் படிக்கும் மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஜெர்மன் மொழி கற்பிக்கும் நிறுவனமான கோதே இன்ஸ்டிடியூட் ஜெர்மனியில் நடத்தும் கோடைக்கால இளைஞர் கோர்ஸுக்கு உதவித்தொகையில் அனுப்புகிறார்கள். உங்கள் பள்ளி அதில் இருக்கிறதா என்று ஜெர்மன் ஆசிரியரிடம் கேளுங்கள். பாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் பரிசு பெற்றவர்களுக்கான திட்டமும் இருக்கிறது. நன்றாக ஜெர்மன் படிக்கும் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அதில் நான்கு வாரம் ஜெர்மனியில் இருந்து, குடும்பங்களோடு தங்கி, அங்குள்ள பள்ளி வகுப்பில் உட்காரலாம். இரண்டிலும் மதிப்பெண் மட்டும் போதாது. ஆசிரியர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதற்கு எடை உண்டு. வகுப்பில் தவறாகவாவது வாய் திறந்து பேசுகிற பிள்ளையை ஆசிரியர்கள் மறக்க மாட்டார்கள்.

கட்டணம் கட்டிப் போகிறீர்கள் என்றால் நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இவற்றைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரே நாட்டிலிருந்து அதிகபட்சம் எத்தனை பேரைச் சேர்ப்பார்கள்? ஒரே மொழி பேசுபவர்களை ஒரே அறையில் போடுவார்களா? போனுக்கு என்ன விதி? இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. அழகான ஏரிக்கரையில் நடந்தாலும், பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் மதியத்துக்கு மேல் ஜெர்மன் சத்தமே கேட்காது.

இரண்டாம் படி: ஏ2 முடிக்காமல் போகாதீர்கள்

இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஏ1 முடித்தவருக்குத் தன்னை அறிமுகப்படுத்தவும், கடையில் பொருள் கேட்கவும், மணி சொல்லவும் வரும். அங்கே போனால் முதல் இரண்டு நாளில் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் கை தானாக ஆங்கிலத்தைத் தேடும். நேற்று என்ன நடந்தது என்று சொல்லவும், ஏன் என்று காரணம் சொல்லவும் தெரிந்தால்தான் உரையாடல் ஓடும். இறந்த காலமும் காரண வாக்கியமும் ஏ2-வில்தான் கைக்கு வருகின்றன.

ஏ1 மாணவர்களையும் சேர்க்கும் கோர்ஸ்கள் நிறைய உண்டு, அவை மோசமும் இல்லை. ஆனால் அதே பணத்தை ஒரு வருடம் தள்ளிச் செலவழித்தால் பலமடங்கு பலன். ஏ2 வரை ஊரிலேயே படிக்கலாம். சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நாம் மேக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வது அதைத்தான். கொழும்பிலும் அதன் கிளை இருக்கிறது. பதின்ம வயதினருக்கென்றே அவர்கள் ஃபிட் இன் டாய்ச் என்ற பெயரில் ஏ1, ஏ2 தேர்வுகளை நடத்துகிறார்கள். அதில் இரண்டாவதை எழுதித் தேறியிருந்தால் நீங்கள் தயார்.

மூன்றாம் படி: தேதியைப் பள்ளி நாட்காட்டியோடு பொருத்துங்கள்

நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அங்கே கோடைக் கோர்ஸ்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விடுமுறைத் தேதி வேறு. பவேரியாவில் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் விடுமுறையே ஆரம்பித்து செப்டம்பர் நடுவில் முடியும். அதனால் கோர்ஸ் எந்த மாநிலத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து நீங்கள் பள்ளியில் எடுக்க வேண்டிய விடுப்பு மாறும்.

ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் போக ஏற்ற வருடங்கள். பத்திலும் பன்னிரண்டிலும் மூன்று வாரம் பள்ளியை விட்டால் மனம் இரண்டு பக்கமும் இழுபடும். பிளஸ் டூ எழுதி முடித்த கோடையில் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வும் கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில் வந்து நிற்கும், கவனம். எப்படியானாலும், தலைமையாசிரியரிடம் விடுப்புக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்கும் அந்தக் கடிதம் உதவும்.

நான்காம் படி: விசா

மூன்று வாரக் கோர்ஸுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா போதும். அதில் எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். இந்த 15 நாளை நம்பி உட்காராதீர்கள். மே, ஜூனில் ஐரோப்பா போகிற கூட்டம் அதிகம், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடாகிவிடும். கோர்ஸில் இடம் உறுதியான கடிதம் வந்த வாரமே தேதி எடுங்கள். இந்தியாவில் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்குவது விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையங்கள். 2024 ஜூன் முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. அதை ரூபாயில் வாங்குவார்கள், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயது ஆகிவிட்டால் கைரேகையும் கொடுக்க வேண்டும், ஆகவே பிள்ளை நேரில் போயாக வேண்டும்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள். பத்து வயதில் சிங்கப்பூர் போக எடுத்தது பதினைந்தில் காலாவதி ஆகியிருக்கும்; பல வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

ஆவணங்களில் கோர்ஸ் கடிதம், தங்குமிட முகவரி, பயண முன்பதிவு, பெற்றோரின் வங்கிக் கணக்கு விவரம், பள்ளியின் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு ஆகியவை முக்கியம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அப்பா அம்மா இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். பெற்றோரில் ஒருவர் வளைகுடாவிலோ வேறு ஊரிலோ வேலை பார்க்கிறார் என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் வந்துசேர நாள் பிடிக்கும், முதலில் அதைத் தொடங்குங்கள். விசா கையில் வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. தனியாகப் போகும் பிள்ளைக்கு, விலை கொஞ்சம் கூடினாலும், மாறி ஏற வேண்டாத வழிதான் நல்லது. சிறுவர்களைப் பொறுப்பேற்று அழைத்துப் போகும் சேவையைப் பற்றி விமான நிறுவனத்திடம் கேளுங்கள். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் கோர்ஸ் கடிதத்தையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். குடியேற்ற அதிகாரி இங்கேயும் கேட்கலாம், அங்கேயும் கேட்கலாம். ஐரோப்பிய எல்லையில் 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறைப்படி முகத்தைப் படம் பிடிப்பார்கள். விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். பதற்றப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: போவதற்கு முந்தைய இரண்டு மாதம்

பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு மாதத்தில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். அதைவிட மூன்று வேலைகள் அவசியம்.

முதல் வேலை வாய்ப் பயிற்சி. ஜெர்மனில் மேலே இரண்டு புள்ளி வைத்த உ-வை (ü) சொல்ல எளிய வழி இது: ‘ஈ’ என்று நீட்டுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவியுங்கள். அதேபோல ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’ போலக் குவித்தால் புள்ளி வைத்த ஓ (ö) வந்துவிடும். ஷோன் என்றால் ஏற்கனவே. அதையே குவித்த ஏ-வோடு சொன்னால் அழகு. நமக்கு இன்னொரு சிக்கல் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப. பாக்கன் என்று தமிழில் எழுதினால் ரொட்டி சுடுவதும் அதுதான், பெட்டி அடுக்குவதும் அதுதான். ஜெர்மனில் முன்னதற்கு ‘பந்து’வின் ப, பின்னதற்கு ‘பல்’லின் ப, அதுவும் கொஞ்சம் காற்றோடு. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் கையில் காற்று படும்.

இரண்டாவது வேலை, வாக்கியத்தைத் தமிழ் வழியாக யோசிப்பது. பள்ளியில் நாம் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறோம். பல இடங்களில் தமிழ்தான் குறுக்கு வழி. ‘வைல்’ போட்டுக் காரணம் சொல்லும்போது வினை கடைசிக்குப் போகும். ஆங்கிலப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும். நமக்கு வினை கடைசியில் வருவது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை ஜெர்மனிலும் ‘எனக்கு’ போட்டுத்தான் சொல்வார்கள், ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்று. ஆங்கிலத்தை வைத்து ‘நான் குளிர்’ என்று கட்டினால் இரக்கமில்லாத ஆள் என்று பொருள் வரும். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று தமிழ் வகுப்பில் படித்ததைத் தூசி தட்டி எடுங்கள். அக்குஸாட்டிவ், டாட்டிவ் என்ற ஜெர்மன் வேற்றுமைகள் முக்கால்வாசி அங்கேயே விளங்கிவிடும். ஆனால் பெயர்ச்சொல்லின் பாலுக்குத் தமிழ் உதவாது. மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமி இரண்டிலும் சேராத நடுப்பால் என்று இருக்கும். அதைச் சொல்லோடு சேர்த்தே மனதில் போட வேண்டும், வேறு வழியில்லை.

மூன்றாவது வேலை, உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஜெர்மனில் பேசத் தயாராவது. முதல் வாரம் முழுக்க உங்களிடம் கேட்கப்போவது வீடு, ஊர், பள்ளி, சாப்பாடு, மொழி பற்றித்தான். ‘இந்தியாவில் இந்திய மொழிதானே பேசுவீர்கள்?’ என்று கேட்பார்கள். என் தாய்மொழி தமிழ், அதற்குத் தனி எழுத்து உண்டு, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி, இரண்டாயிரம் வருட இலக்கியம் உண்டு என்று நாலு வாக்கியம் சரளமாக வர வேண்டும். அதேபோல பொங்கல் எப்படி வைக்கிறோம், தோசை எப்படிச் சுடுகிறோம், பள்ளிக்கு எதில் போகிறோம் என்பதையும் கண்ணாடி முன் நின்று பேசிப் பாருங்கள். எழுதி மனப்பாடம் செய்தால் நடுவில் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டதும் அறுந்துவிடும். பேசியே பழகுங்கள்.

காதுக்கு, டாய்ச்ச வெல்லே ஊடகம் இலவசமாகத் தரும் மெதுவாக வாசிக்கும் செய்திகளைக் கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள், சொற்கள் எங்கே பிரிகின்றன என்பது காதுக்குப் பழகிவிடும்.

ஆறாம் படி: பெட்டி

ஆகஸ்டாக இருந்தாலும் ஒரு மழைச் சட்டை, ஒரு ஸ்வெட்டர், அறைக்குள் போட ஒரு செருப்பு. வெளியே போட்ட ஷூவோடு உள்ளே நடமாட அங்கும் பல இடங்களில் விட மாட்டார்கள். நம் சார்ஜரின் இரண்டு முள் பிளக் பெரும்பாலும் அங்கே பொருந்தும். மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். பணத்துக்குப் பயண அட்டை, கூடவே கொஞ்சம் ரொக்கம். சின்ன ஊர்க் கடைகளில் ரொக்கம் மட்டும் வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தின்பண்டம் கட்டும்போது கவனம். வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். கறிவேப்பிலை, மாம்பழம் போன்ற பச்சைப் பொருட்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், அவற்றையும் விட்டுவிடுங்கள். முறுக்கு, பருப்புப் பொடி, கடலை மிட்டாய் கொண்டுபோகலாம். அறையில் பகிர்ந்துகொள்ள கடலை மிட்டாய் அருமையானது. ஆனால் நீட்டும் முன் வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அங்கே அந்த ஒவ்வாமையை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

சைவம் என்றால் விண்ணப்பப் படிவத்திலேயே எழுதுங்கள். அங்கே சைவம் என்றால் முட்டை உண்டு. முட்டையும் கூடாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் நீட்டும் கரடி வடிவ ஜெல்லி மிட்டாயில் விலங்குத் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

ஏழாம் படி: அங்கே ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது

முதல் நாள் நிலைத் தேர்வு வைப்பார்கள். அதில் நன்றாக எழுத வேண்டும் என்று துடிக்காதீர்கள். நம் பிள்ளைகள் இலக்கணத்தில் கெட்டி. எழுத்தை மட்டும் பார்த்து மேல் வகுப்பில் போட்டுவிட்டால் பேச்சில் திணறுவோம். இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். பேச வாயே வரவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அங்கே அதை யாரும் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆசிரியர்களை மரியாதைப் பன்மையில் அழைப்பதா, நீ என்று அழைப்பதா என்ற குழப்பமும் முதல் நாளே வரும். பொறுப்பாளர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அவர்களே ‘டு’ என்று கூப்பிடச் சொல்வார்கள். சொல்லும் வரை ‘ஸீ’ போடுங்கள். கடையிலும் சாலையிலும் பெரியவர்களிடம் எப்போதும் ‘ஸீ’தான்.

காலையில் வகுப்பு, நண்பகலில் சூடான சாப்பாடு, மதியம் விளையாட்டோ நாடகமோ செய்தித்தாள் தயாரிப்போ ஏதாவது ஒரு குழு வேலை, மாலை ஆறு மணி வாக்கில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்த ஆறிய உணவு, அப்புறம் இரவு நிகழ்ச்சி. பத்து மணிக்கு அமைதி. கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நாள் மிக நீளமாகத் தெரியும். மதியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது, பேசாமல் செய்ய முடிகிற வேலையைத் தவிர்த்துவிடுங்கள். நீச்சல் பிடிக்கும் என்றால் ஒருநாள் போங்கள். நாடகமும் சமையலும் நாள் முழுக்க வாயை வேலை வாங்கும்.

சாப்பாட்டு மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் மேசையில் ஜார்ஜியாவிலிருந்து வந்த என் அறைத்தோழி, பிரேசில் பையன் ஒருவன், போலந்துப் பெண் ஒருத்தி, ஒரு பொறுப்பாளர். பிரேசில் பையனுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. எங்களுக்குள் ஜெர்மனை விட்டால் கைச்சாடைதான். ஒரு மாலை அவன் ரொட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் இரவுக்கு என்ன என்று கேட்டான். தோசை என்றேன். எப்படிச் செய்வது என்றான். அரிசி தெரியும், ஊறவைப்பது தெரியாது, ‘தண்ணீரில் நிற்கிறது, இரவு முழுக்க’ என்றேன். உளுந்துக்கு ‘கறுப்புப் பருப்பு, ஆனால் உள்ளே வெள்ளை’ என்றேன். மாவு புளிப்பதைச் சொல்ல வார்த்தையே இல்லை. கிண்ணத்தை எடுத்து, கையை மெல்ல மேலே உயர்த்தி, ‘காலையில் பெரியது, கொஞ்சம் புளிப்பு’ என்றதும் பொறுப்பாளர் மேசையில் இருந்த கறுப்பு ரொட்டியைத் தட்டி, ‘ஸவர்டைக்!’ என்றார். புளித்த மாவு. அவர் ஊர் ரொட்டியும் அதில்தான் செய்வார்களாம். உடனே ஜார்ஜியத் தோழி அவள் வீட்டு பாலாடைக்கட்டி ரொட்டியைச் சொல்ல ஆரம்பிக்க, மேசையைத் துடைக்க ஆள் வரும் வரை மாவு பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். புளிப்பது, பொங்குவது, பிசைவது, சுடுவது எல்லாம் அன்று வந்தவை. எந்த நோட்டிலும் எழுதவில்லை, இன்றும் மறக்கவில்லை.

இப்படி ஒரு மேசை தானாக அமையாது. உங்கள் நாட்டுக்காரர்கள் இருந்தால் காலை உணவுக்கு அவர்களோடு உட்காருங்கள், மற்ற இரண்டு வேளைக்கும் வேறு மேசை. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள் பக்கம் போவதைவிட, ஆங்கிலம் வராதவர்கள் பக்கம் போங்கள். உங்களுக்குக் கிடைக்கும் நல்ல ஆசிரியர்கள் அவர்கள்தான். சொல் தெரியாதபோது போனை எடுக்காமல் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். ‘வீ ஸாக்ட் மன் தஸ் அவுஃப் டாய்ச்?’, அதாவது இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது, என்ற ஒரு வாக்கியம் உங்களைக் காப்பாற்றும். தவறைத் திருத்தச் சொல்லி அறைத்தோழரிடமும் பொறுப்பாளரிடமும் முதல் நாளே கேட்டுவைத்துவிடுங்கள். கேட்காவிட்டால் நாகரிகம் கருதி யாரும் திருத்த மாட்டார்கள்.

ஊருக்குள் போகிற வேலை எது வந்தாலும் கையைத் தூக்குங்கள். ரொட்டிக் கடையில் ‘இஹ் ஹெட்ட கெர்ன்’ என்று தொடங்கி வேண்டியதைச் சொன்னால் போதும். அவர்கள் பேசும் உள்ளூர் ஜெர்மன் புரியாது. வணக்கத்துக்குப் பவேரியாவில் ‘கிரூஸ் காட்’ என்பார்கள், வடக்கே போனால் ‘மொய்ன்’. பாடப் புத்தகத்தின் ‘குட்டன் டாக்’ எங்கும் செல்லும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்குங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். மணி கேட்டால் ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் ‘பாதி எட்டு’. அது ஏழரை, எட்டரை இல்லை. பேருந்தைத் தவறவிடாமல் இருக்க இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மனம் வாடும்போதும் உடம்பு முடியாதபோதும்

மூன்றாவது, நான்காவது நாளில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். நாள் முழுக்க வேறு மொழியில் யோசித்துக் களைத்த மூளைக்கு அது இயல்பு. அந்த நேரத்தில் மணிக்கணக்காக அம்மாவிடம் பேசினால் அடுத்த நாளும் அதே ஏக்கம்தான். கோடையில் அங்குள்ள நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. சாப்பாட்டுக்கு முன் ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு குறிப்பிட்ட அளவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை அழுதால் உடனே கோர்ஸ் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பதறாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் கட்டாயம் பேசுங்கள்.

அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110. சாதாரணக் காய்ச்சல் என்றால் பொறுப்பாளரிடம் சொன்னால் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். ரசீதை வாங்கி வைத்தால் காப்பீட்டில் கேட்கலாம். இன்னொன்று: ஜெர்மன் சட்டப்படி 16 வயதில் பீரும் வைனும் வாங்கலாம். அதைக் கேட்டு வீட்டில் பயப்படுவார்கள். கோர்ஸ் விடுதிகளின் விதி சட்டத்தைவிடக் கண்டிப்பானது. மீறினால் சொந்தச் செலவில் ஊருக்கு அனுப்பிவிடும் விதி பல இடங்களில் உண்டு, கையெழுத்திடும் படிவத்தில் அது இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்த பிறகு

கோர்ஸ் முடிவில் தரும் சான்றிதழ் நீங்கள் கலந்துகொண்டதற்கு. தேர்வுச் சான்றிதழ் வேறு. பிற்பாடு கல்லூரிக்கோ வேலைக்கோ ஜெர்மன் தெரியும் என்று காட்ட அதுதான் வேண்டும். அறைத்தோழரோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். எழுதுவதைவிடக் குரல் செய்தி அனுப்புங்கள், ஆங்கிலத்துக்கு மாற மாட்டோம் என்று விடைபெறும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தேர்வு பி1. பதின்ம வயதினருக்குத் தனி வடிவம் உண்டு. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். நான்கையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தனித்தனியாகவும் எழுதலாம். பேசும் பகுதிக்கு இன்னொரு மாணவரோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரு விஷயத்தை இருவரும் திட்டமிட வேண்டும், பிறகு ஒரு தலைப்பில் சின்ன உரை ஆற்றி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று வாரம் மேசையில் நீங்கள் செய்தது அதேதான். ஆகவே பேசும் பகுதியை முதலில், ஊர் திரும்பிய ஓரிரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எழுத்துக்கும் படிப்புக்கும் பிளஸ் ஒன் பாடங்களுக்கு நடுவே நிதானமாகத் தயாராகி அப்புறம் எழுதலாம்.